டிரைவர் சைடும் சகலையின் கைராசியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக இழுத்துக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன், ருக்குமணி காபி கொண்டுவந்து வைப்பாள், அப்படியே மூடி வைத்துவிடுவேன். காரணம் வேறொன்றுமில்லை. இதில் வரும் செல்வராசு என் சகலை. என் மனைவி ருக்குமணியின் அக்கா சரசுவைக் கட்டியவர். வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் அவரும் நானும் ஒரே பந்தியில்தான் உட்கார வேண்டும். அவர் மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சொல்லாமல் இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு எந்த முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது?

போன மாதம் நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு ஷெட்டில் என் மருமகனின் வண்டிக்கு ஹாரன் மாற்ற நின்றிருந்தேன். அங்கிருந்த எலக்ட்ரீஷியன், நான் யார் என்று தெரியாமல், என்னிடமே கதை சொன்னார். "அந்தக் காலத்துல மாதண்ணா ஷெட்டுல செல்வராசுன்னு ஒருத்தர் இருந்தாருங்க. ஒரு வேன்ல இண்டிகேட்டர் ஒயர் மாறியிருந்ததைக் கையால தொட்டே சொன்னாராம். அப்படி ஒரு கைராசி."

"அவர் மட்டும்தான் இருந்தாரா? கூட யாரும் இல்லையா?" என்றேன்.

"யாரோ ஒரு ஹெல்பர் இருந்தாராம்."

அந்த ஹெல்பர் நான்தான். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கைராசி

நான் ஏழாம் கிளாஸ் வரை படித்தவன். சொந்த ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம். மைசூரில் பேம்பூ பஜார் அருகே மாதண்ணா ஷெட்டில் எலக்ட்ரிக் வேலைக்குச் சேர்ந்தேன். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஒயரிங் எல்லாம் அங்கேதான் கற்றேன். எனக்குக் கல்யாணம் ஆன பிறகு சகலைக்கு வேலை இல்லை என்று ருக்குமணி அழுதாள். நான்தான் மாதண்ணாவிடம் சொல்லி அவரை ஷெட்டில் சேர்த்துவிட்டேன். கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குக் காட்டியவனும் நானே.

வந்த கொஞ்ச நாளில், ஸ்டார்ட் ஆகாமல் கிடந்த ஒரு லாரி அவர் கைபட்டதும் ஸ்டார்ட் ஆனது. பேட்டரி டெர்மினலை நான் அப்போதுதான் சுரண்டி முறுக்கி வைத்திருந்தேன். அவர் சாவியைத் திருப்பினார், அவ்வளவுதான். அந்த லாரிக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஷெட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் வேலை செய்தாலும் முதல் சுவிட்சை செல்வராசுதான் போட வேண்டும். புது பேட்டரியா, செல்வராசுவைக் கூப்பிடு. புது ஹாரனா, அவரே அமுக்கட்டும்.

தெரியாத வேலையைக் கற்றுக்கொள்ளலாம். கைராசியை எங்கே போய்க் கற்பது? தினமும் குளித்து, திருநீறு பூசி, முருகனுக்கு ஒரு பூ வைக்காமல் நான் ஷெட்டுக்குக் கிளம்பியதில்லை. சகலை பீடியை வாயில் வைத்துக்கொண்டே வருவார். ஆனால் ராசி அவர் கைக்குப் போயிற்று. இதை நான் சாமியிடமே கேட்டிருக்கிறேன்.

அந்தச் சமயம்தான், மாநிலத்துக்குக் கர்நாடகா என்று பேர் மாறிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது, மாதண்ணா எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கன்னடக்காரர். எங்களோடு இருந்து இருந்து தமிழ் நன்றாகவே பேசுவார், 'பார்' என்பதற்கு மட்டும் 'நோடு' என்றுதான் வரும்.

"நோடு சுப்பு, எலக்ட்ரிக் வேலைக்குப் பக்கத்து இடத்தையும் எடுத்துட்டேன். தனி ஷெட். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் பொறுப்பு பாக்கணும். இந்த வேன் வேலை முடியட்டும், அப்புறம் சொல்றேன்."

சகலை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பொறுப்பு எனக்கு வர வேண்டியது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

பழுப்பு ஒயர்

அந்த வேன் வேலாயுதம் ஐயாவுடையது. ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். வருஷா வருஷம் மைசூரிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் ஒன்றைக் கூட்டிப்போவார். மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய ஜெர்மன் வேன். உள்ளேயே படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். நடக்க முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். பின்னால் ஒரு டிரெய்லர் கட்டி அதில் அண்டா, அரிசி மூட்டை, விறகு. ஜீப் ஆக்ஸில் போட்டு, நாலு பக்கமும் உயரமாகப் பலகை அடித்த டிரெய்லர். அதை மாட்டினால் வேனுடைய பின் லைட் எதுவும் பின்னால் வருபவனுக்குத் தெரியாது. அதனால் டிரெய்லரிலேயே டெயில் லைட், பிரேக் லைட், இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் வேண்டும்.

"சுப்பு, திம்பம் மலையில வளைவுக்கு வளைவு லாரி வரும். என் ஜனங்க ரோட்டு ஓரமா நடப்பாங்க. லைட்டு ஒண்ணும் சொதப்பக் கூடாது" என்றார் ஐயா.

"முருகன் வேலை ஐயா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பின்னால் வருகிற பையன்களுக்காக வேலை விவரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் ஊர் கார்களில் பழுப்பு ஒயர் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைவ். கறுப்பு என்றால் எர்த். கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். ஜெர்மன் வண்டியில் பழுப்புதான் எர்த். எனக்கு அது தெரியாது. ஆனால் கலரை நம்பி ஒயரை வெட்டுகிற பழக்கம் எனக்கில்லை. ஒவ்வொரு ஒயரையும் டெஸ்ட் லாம்பில் வைத்துப் பார்த்தேன். பழுப்பைத் தொட்டால் லாம்ப் எரியவில்லை, பேட்டரி லைவுக்கும் பழுப்புக்கும் நடுவில் வைத்தால் எரிந்தது. சரி, இந்த ஊர்க்காரன் இப்படி என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது, பழைய வேன் என்பதால் ஆறு வோல்ட். நாம் கார்களுக்குப் போடுகிற பன்னிரண்டு வோல்ட் பல்பைப் போட்டால் கோயில் மூலையில் இருக்கிற அகல் மாதிரி மினுங்கும். ஸ்கூட்டருக்கு வருகிற ஆறு வோல்ட் பல்பைத் தேடி வாங்கிப் போட்டேன். ஆறு வோல்டில் கரண்ட் அதிகம் ஓடும், அதனால் ஒயரும் தடிமனாக இருக்க வேண்டும். இரண்டு பல்பு கூடியதும் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும் என்று தெரியும். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கிற ஃபிளாஷரை, கூடுதல் லோடு தாங்குவதாகப் பார்த்து மாற்றினேன். டிரெய்லருக்கு எர்த், அதை இழுக்கிற கொக்கி வழியாகவே கிடைத்துவிடும் என்று பலர் விட்டுவிடுவார்கள். கொக்கியில் கிரீஸ் இருக்கும், துரு இருக்கும். எர்த் சரியில்லை என்றால் பிரேக்கை அமுக்கும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்கும். அதனால் எர்த்துக்கென்று தனியாக ஒரு ஒயர் இழுத்தேன். வேனின் இடது லாம்பிலிருந்து எடுத்தது இடதுக்கு, வலது லாம்பிலிருந்து எடுத்தது வலதுக்கு. வேன் பக்கத்து சாக்கெட்டும் நானே, டிரெய்லர் பக்கத்து பிளக்கும் நானே. வெல்டிங் ஷெட்டிலிருந்து டிரெய்லர் வந்துசேர நாளானதால், இரண்டையும் மாட்டிப் பார்க்க மட்டும் முடியவில்லை.

சகலை அந்த நாட்களில் என்ன செய்தார் என்றால், வந்து பார்ப்பார். "நல்லா நீட்டா இருக்குதுங் சகலை" என்பார். பீடி பிடிக்கப் போய்விடுவார்.

மாறி எரியுது

டிரெய்லர் வந்த அன்று சாயங்காலம் வேலாயுதம் ஐயாவும் வந்துவிட்டார். கூடவே பாதயாத்திரைக்காரர்கள் சிலர். மாலை போட்டவர்கள். பிளக்கை மாட்டினேன். சீட்டில் ஏறலாம் என்று போனபோது மாதண்ணா, "சுப்பு, நீ பின்னாடி நில்லு. செல்வராசு, ஏறு, நீ சுவிட்ச் போடு" என்றார்.

அந்த ஒயர் முழுக்க என் விரல் பட்டது. சுவிட்ச் மட்டும் அவருக்கு. நான் டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றேன்.

டெயில் எரிந்தது. பிரேக் எரிந்தது. ஜனங்கள் "அரோகரா" என்றார்கள்.

"டிரைவர் சைடு போடறேன்!" என்று முன்னாலிருந்து சகலை கத்தினார்.

எங்கள் தொழிலில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. டிரைவர் சைடு, கிளீனர் சைடு. டிரைவர் உட்காருகிற பக்கம் வலது, கிளீனர் உட்காருகிற பக்கம் இடது. லாரி ஓடுகிற காலத்திலிருந்து அதுதான் பேச்சு. எனக்கு எதிரே டிரெய்லரின் இடது பக்க இண்டிகேட்டர் அடித்தது.

"கிளீனர் சைடு எரியுது!" என்றேன்.

"அட! மாறிப்போச்சா? கிளீனர் சைடு போடறேன், பாருங்க!"

வலது பக்கம் அடித்தது. "டிரைவர் சைடு எரியுது!"

சகலை இறங்கி வந்தார். "சகலை, ரெண்டையும் மாத்திக் குடுத்துட்டீங்க போல." அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாலை போட்டவர்களும் சிரித்தார்கள். ஒருவர், "நல்லவேளை, இங்கியே பாத்தாச்சு" என்றார். நான் மாற்றிக் கொடுத்திருக்க வழியே இல்லை என்று மனசு சொல்கிறது. ஆனால் கண் எதிரே விளக்கு மாறி எரிகிறதே!

சகலை இடுக்கியை எடுத்து, பிளக்கைத் திறந்து, இரண்டு ஒயரையும் மாற்றி முறுக்கினார். மறுபடி ஏறி, "டிரைவர் சைடு!" என்றார். வலது பக்கம் அடித்தது. "டிரைவர் சைடு, சரி" என்றேன்.

மாதண்ணா அவர் முதுகில் தட்டினார். "இதுக்குத்தான்ப்பா உன்னை ஏறச் சொன்னது!"

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். "சகலைக்கு ஒயர் பிடிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு? நானு. என் வேலையில குத்தம் கண்டுபிடிக்கறவரு அவரு" என்றேன்.

ருக்குமணி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மாமா நல்லவருங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

இவளுக்கும் அவர் நல்லவர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எலுமிச்சம்பழம்

மறுநாள் காலை முருகன் கோயில் வாசலில் வேனுக்குப் பூஜை. மாலை, சந்தனம், டிரெய்லர் முழுக்க வேப்பிலை. நூறு பேருக்கு மேல் காவடியும் பையுமாக நின்றார்கள். மாதண்ணா குடும்பத்தோடு வந்திருந்தார். ருக்குமணியும் சரசக்காவும் வந்திருந்தார்கள். கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைக்க சகலையைக் கூப்பிட்டார்கள். கைராசிக்காரர் உடைத்தால் காய் நேராக உடையும் என்று ஒரு நம்பிக்கை. உடைத்தார். நேராகத்தான் உடைந்தது.

பூசாரி எலுமிச்சம்பழங்களை என் கையில் கொடுத்தார். "சக்கரத்துக்கு வைங்க. டிரைவர் சைடு முன் சக்கரத்துலேருந்து ஆரம்பிங்க."

நான் வலது பக்கம் போய்க் குந்தி, முன் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்தேன்.

தலைக்கு மேலிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வேலாயுதம் ஐயாவின் சம்சாரம். "ஏப்பா சுப்பு, வண்டியை நானா ஓட்டறேன்? அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காரு பாரு!"

அந்தப் பக்கத்திலிருந்து ஐயாவும் குரல் கொடுத்தார். "டிரைவர் இங்க இருக்கான்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பழத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஜெர்மன் வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். நாள்கணக்காகப் பார்த்த வண்டிதான், ஆனால் டிரைவர் சைடு என்றால் வலது என்றே காது பழகிக் கிடந்தது. நேற்று சகலை அந்த இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவர் சைடு என்று கத்தினாரே, அவர் எந்தப் பக்கத்தைச் சொன்னார்? தான் உட்கார்ந்திருக்கிற பக்கத்தை. இடதை. பின்னால் நின்ற நான் எதைப் பிடித்துக்கொண்டேன்? வலதை. சரியாக எரிந்த விளக்கை இரண்டு பேரும் சேர்ந்து மாற்றி வைத்திருக்கிறோம். இப்போது ஐயா இடது இண்டிகேட்டரைத் தட்டினால் டிரெய்லரில் வலது அடிக்கும். மலையில் வளைவில் லாரிக்காரன் அதை நம்பி ஏறுவான். ஓரத்தில் ஜனங்கள் நடந்துகொண்டிருப்பார்கள்.

ஐயா இன்ஜினைப் போட்டார். "அரோகரா" என்று கூட்டம் கிளம்பியது.

புறப்படுகிறவர்களை நிறுத்தக் கூடாது, குறை சொல்லக் கூடாது. அது எனக்கும் தெரியும். பொறுப்பு யாருக்கு என்று மாதண்ணா அன்றுதான் சொல்லப்போகிறார் என்பதும் தெரியும். இப்போது வாயைத் திறந்தால், நேற்று அவமானப்பட்டவன் இன்று வஞ்சம் தீர்க்கிறான் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் சும்மா இருந்தால்?

"நிறுத்துங்க! ஐயா, நிறுத்துங்க! இண்டிகேட்டர் மாறியிருக்கு!"

கூட்டம் திரும்பியது. முதலில் பேசியது சரசக்கா. "என்ன வாய் இது, பொறப்படற நேரத்துல? வயித்தெரிச்சல் இருந்தா வீட்டோட வெச்சுக்கணும். சாமி காரியத்துல காட்டக் கூடாது."

ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டாள். மாதண்ணா வேண்டாம் என்று கையை ஆட்டி, "பேடா சுப்பு, விடு. நேத்துதானே பாத்தோம்" என்றார்.

"ஐயா, இடது கைப் பக்கம் போடுங்க. டிரைவர் சைடுன்னு நினைக்காதீங்க. சோறு சாப்பிடாத கைப் பக்கம்!"

ஐயா போட்டார். டிரெய்லரில் வலது பக்கம் அடித்தது. விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

சகலைக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் மடையர் அல்ல. "அடடா! நான் குந்தியிருந்த பக்கத்தையில்ல டிரைவர் சைடுன்னு சொல்லிப்போட்டேன்!" என்று தலையில் கை வைத்துப் பெரிதாகச் சிரித்தார். அவர் சிரித்ததும் கூட்டமும் சிரித்தது. இடுப்பிலிருந்து இடுக்கியை எடுத்து, நான் முதலில் கொடுத்திருந்தபடியே ஒயரை மாற்றி முறுக்கினார். ஐயா மறுபடி போட்டார். இடது, இடது. வலது, வலது.

பூசாரி சொன்னார், "முருகன் மலை ஏறதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்துட்டான்."

மாதண்ணா சொன்னார், "நோடு, செல்வராசு கைராசி அப்படி! தேங்காய் உடைச்ச கையோட தப்பு வெளிய வந்துடுச்சு!"

"ஆமா, ஆமா" என்றது கூட்டம்.

நான் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அது கசங்கிப்போயிருந்தது. பூசாரி வேறு பழம் கொடுத்தார்.

வேன் போன பிறகு சகலை என் பக்கத்தில் வந்து நின்றார். பீடி பற்றவைத்தார்.

"சகலை, ஒண்ணு கேக்கட்டுங்களா? கோயில் வாசல், பொய் சொல்லக் கூடாது. நிறுத்துங்கன்னு கத்துனீங்களே, அப்ப உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

"அதுதானே பாத்தேன். எனக்கும் நேத்து ஒயர மாத்தும்போது சந்தோஷமாத்தானுங் இருந்துச்சு." புகையை விட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பொறுப்பு

எலக்ட்ரிக் ஷெட் பொறுப்பு செல்வராசுவுக்குப் போயிற்று. நான் மாதண்ணாவிடம் நேராகவே கேட்டேன். "அண்ணா, வேலை யாரு செஞ்சா? தப்ப யாரு கண்டுபிடிச்சா?"

மாதண்ணா என்னை உட்கார வைத்துப் பேசினார். "எல்லாம் நீதான் சுப்பு. இல்லேன்னு யார் சொன்னா? ஆனா நோடு. நீ தப்புன்னு சொன்னதும் அத்தனை பேர் மூஞ்சியும் சுண்டிப்போச்சு. அவன் தன் தப்பையே சொல்லிச் சிரிச்சான், எல்லாரும் சிரிச்சாங்க. நாளைக்குக் கஸ்டமர் ஷெட்டுக்கு வந்தா யார் மூஞ்சியைப் பாத்து வண்டியை விடுவான்? நீயே சொல்லு."

நான் டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சகலைக்குக் கீழேதான் ரிடையர் ஆகும்வரை வேலை பார்த்தேன். என்னை ஒரு நாள்கூட அவர் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. ஒயரிங் என்றால் என்னிடம்தான் கொடுப்பார், முதல் சுவிட்சை அவர்தான் போடுவார். ஒரு தடவை, "நீங்களே போடுங்க சகலை" என்று சாவியைக் கொடுத்தார். கஸ்டமர் உடனே, "இல்லீங்க, உங்க கையாலயே போடுங்க" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கஸ்டமரின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பொறுப்பு ஏற்ற அன்றே அவர் போட்ட முதல் சட்டம், ஷெட்டில் யாரும் டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்று சொல்லக் கூடாது, இடது, வலது என்றுதான் சொல்ல வேண்டும் என்பது. அது நல்ல சட்டம். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தொழிலுக்கு வருகிற பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒயரின் கலரை நம்பாதே, டெஸ்ட் லாம்பை நம்பு. டிரெய்லருக்குத் தனி எர்த் கொடு. விளக்கைச் சோதிக்கும்போது முன்னால் இருப்பவனும் பின்னால் நிற்பவனும் ஒரே சொல்லுக்கு ஒரே அர்த்தம் வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள். தப்பைப் பார்த்தால், உன் மனசு எவ்வளவு கெட்டுக் கிடந்தாலும், வாயைத் திறந்து சொல். மனசு சுத்தமான பிறகு சொல்லலாம் என்று நின்றால் வண்டி போய்விடும்.

முருகனிடம் சகலைக்குக் கொடுத்ததை எடுத்துவிடு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கும் கொஞ்சம் கொடு என்றுதான் கேட்டேன். இன்றும் விளக்கேற்றும்போது அது வாயில் வந்துவிடுகிறது. ருக்குமணிக்குக் கேட்டிருக்கும். அவள் காபி கொண்டுவந்து வைப்பாள்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்குவதற்காகப் பொறாமையை எடுத்துவிடாதீர்கள். அவரைச் சின்னவராக்குவதற்காகத் தப்பைப் பெரிதாக்காதீர்கள். ஒயரைக் கொடுத்தது சுப்பு. மாற்றியதும் திருப்பி வைத்ததும் செல்வராசு. நிறுத்தச் சொன்னது சுப்பு. சுப்புவுக்குப் பொறாமை இருந்தது. ஹெல்பர் யாரும் அங்கே இல்லை.